வாக்குமூலமும் வசனமும்: ஓர் உண்மைக் குற்றத் தொடர்நாடகம் பற்றிய வரலாற்று நோக்கு

உண்மையில் நிகழ்ந்த குற்றமொன்றைத் தொலைக்காட்சி நாடகமாக்குபவர், தாம் விரும்பினும் விரும்பாவிடினும், அக்குற்றத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பினையும் ஏற்றுக்கொள்கின்றார். வழக்கேட்டைப் புரட்டிப் பார்ப்போர் நூற்றுவர் எனின் நாடகத்தைக் காண்போர் இலட்சக்கணக்கினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாம் கண்டதனையே நடந்ததாகக் கொள்வர். இத்தகைய நாடகங்களை நயங்காண்பவர் நடிப்பு, காட்சியமைப்பு, கதைப்பின்னல் என்பவற்றோடு நின்றுவிடுதல் வழக்கம். வரலாற்று மாணவனுக்கோ வேறொரு வினாவும் உண்டு. நாடகத்தில் யார் வாயில் எந்தச் சொல் வைக்கப்பட்டது, அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதே அவ்வினா.

2019ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘வென் தே சீ அஸ்’ என்னும் நான்கு பகுதித் தொடர் இவ்வினாவை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமானதாகும். ‘அவர்கள் எம்மைக் காணும்போது’ என்பது அத்தலைப்பின் பொருள். அவா டுவேர்ணே என்னும் கறுப்பினப் பெண் நெறியாளர் உருவாக்கிய இத்தொடர், நியூ யோர்க் நகரின் மத்திய பூங்காவில் 1989இல் நிகழ்ந்த கொடுங்குற்றமொன்றையும், அதற்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஐந்து சிறுவர்களையும் பற்றியது. அவ்வழக்கு தடயங்களால் நிலைநாட்டப்பட்டதன்று. சிறுவர் வாயில் பிறர் வைத்த சொற்களாலேயே அது நிலைநாட்டப்பட்டது. ஆகவே அவ்வழக்கைப் பற்றிய நாடகத்தைச் சொல்லின் அளவுகோல் கொண்டு அளப்பது புறத்தேயிருந்து கொணர்ந்த அளவுகோலால் அளப்பதாகாது.

நிகழ்ந்ததை முதலிற் சுருக்கமாக நோக்குதல் வேண்டும். 1989 ஏப்ரல் 19ஆம் திகதி இரவு, ஹார்லம் பகுதியைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட இளைஞரும் சிறுவரும் பூங்காவின் வடகிழக்கு மூலையால் உள்ளே நுழைந்தனர். அவர்களுட் சிலர் வழியிற் சென்றோரை மறித்தனர், சிலரை அடித்தனர், ஆண்கள் இருவர் கடுமையாகத் தாக்கப்பட்டனர். பொலிஸார் இரவு பத்து மணிக்குப் பின்னர் சிலரைக் கைது செய்தனர். அவர்களுள் பதினான்கு வயதினரான றேமன்ட் சன்ரானாவும் கெவின் றிச்சட்சனும் அடங்குவர். சிறுவர் நீதிமன்றுக்கு வருமாறு எழுதிக்கொடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பவிருந்த வேளையில், அதிகாலை ஒன்றரை மணியளவில், ஓடுபயிற்சிக்கு வந்த இருபத்தெட்டு வயது வெள்ளையினப் பெண்ணொருவர் பூங்காவின் பள்ளமொன்றிற் குற்றுயிராகக் கண்டெடுக்கப்பட்டார். அவரது உடலிலிருந்து முக்காற் பங்குக்கும் அதிகமான இரத்தம் வெளியேறியிருந்தது. அவர் பன்னிரண்டு நாள் நினைவிழந்து கிடந்து பிழைத்தார். தாக்குதல் பற்றிய நினைவு மட்டும் அவருக்கு மீளவேயில்லை.

வீட்டுக்குச் செல்லவிருந்த சிறுவர் அக்கணத்திலிருந்து வன்புணர்ச்சிச் சந்தேகநபராயினர். மறுநாள் அன்ரன் மக்ரே, யூசுப் சலாம், கோறி வைஸ் ஆகியோரும் கொண்டுவரப்பட்டனர். இவர்களுள் கோறி வைஸின் பெயர் பொலிஸாரின் பட்டியலில் இருக்கவில்லை. நண்பனான சலாம் தனியே செல்லக்கூடாதென்று உடன் சென்றவர் அவர். ஐவருள் அவருக்கு மட்டுமே பதினாறு வயது. பதினாறுக்குக் குறைந்தோரை விசாரிக்கையில் பெற்றோருக்கு அறிவித்தல் வேண்டுமென்ற விதி அவரைக் காக்கவில்லை. செவிப்புலன் குறைபாடும் கற்றற் குறைபாடும் உடைய அச்சிறுவன், உடன்போன ஒரே காரணத்தால் ஏனைய நால்வரைக் காட்டிலும் இருமடங்கு காலம் சிறையிற் கழிக்க நேர்ந்தது.

விசாரணை பல மணி நேரம் நீடித்தது. ஓர் இரவைக் கடந்து மறு பகலுக்கும் சென்றது. அவ்வளவு நேரமும் ஒளிப்பதிவுக் கருவி அங்கு இயங்கவில்லை. சிறுவர் சொல்ல வேண்டியவை அனைத்தும் முற்றுப்பெற்ற பின்னரே அது இயக்கப்பட்டது. வழக்கின் உயிர்நிலை இங்குதான் உள்ளது எனலாம். நடுவர்களும் நாட்டு மக்களும் கண்டது, கதிரையில் அமர்ந்து, வழக்குத்தொடுநரின் கேள்விகளுக்கு விடை கூறும் சிறுவரை. அவ்விடைகள் எவ்வாறு உருவாயின என்பதை எவரும் காணவில்லை. வேறொருவன் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டான், நீ சாட்சியாக மட்டும் சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றவாறு தமக்குச் சொல்லப்பட்டதாக ஐவரும் பின்னர் ஒரே குரலிற் கூறினர். சலாமிடம், அப்பெண்ணின் உடையிற் கைரேகை கிடைத்துள்ளதென ஒரு துப்பறிவாளர் பொய் கூறினார். தாம் அவ்வாறு கூறியதை அவரே நீதிமன்றில் ஏற்றுக்கொண்டார். சந்தேகநபரிடம் பொலிஸார் பொய் கூறுவதை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்று 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின் மூலம் பெரும்பாலும் அனுமதித்திருந்தது. ஆகவே அது சட்டத்துக்குட்பட்ட பொய்யாகும்.

இலங்கையிலுள்ள வாசகருக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வராமற் போகாது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, பொலிஸ் உத்தியோகத்தருக்கு அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபித்தலாகாது என விலக்கியது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாதவரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலை ஏற்புடையதாக்கியதுடன், அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டதென நிரூபிக்கும் சுமையையும் எதிரியின் தோளிலேயே ஏற்றியது. நியூ யோர்க்கில் அத்தகைய பொது விலக்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. பூட்டிய அறைக்குள் பிறந்த சொல்லை அவ்வறைக்கு வெளியே நின்று சோதிப்பதெங்ஙனம் என்னும் சிக்கல் இரு நாடுகளுக்கும் பொதுவானதேயாம்.

ஒளிநாடாவிற் பதிவான நால்வரின் வாக்குமூலங்களும் ஒன்றோடொன்று முரண்பட்டன. முதலில் தாக்கியவர் யார், ஆடையைக் களைந்தவர் யார், பயன்பட்ட ஆயுதம் எது, எப்போது நிகழ்ந்தது என்ற எதிலும் ஒற்றுமை இல்லை. வைஸ் அளித்த இரு ஒளிப்பதிவுகள் தமக்குள்ளேயே முரண்பட்டன. அவற்றுக்கு முன்னர் அவர் குற்றம் நிகழ்ந்த இடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டும் இருந்தார். சலாமின் வாக்குமூலம் ஒளிநாடாவில் இல்லை, அவரது கையொப்பமும் அதில் இல்லை. தாயார் வந்து தடுத்ததால் துப்பறிவாளரின் குறிப்பாகவே அது எஞ்சியது. பெண்ணின் உடலிலும் காலுறையிலும் கிடைத்த விந்தின் மரபணு ஐவருள் எவருடையதுமன்று. அது இனங்காணப்படாத ஓர் ஆணுக்குரியது. இதனை வழக்குத்தொடுநர் விசாரணைக்கு முன்னரே அறிந்திருந்தனர். எனினும் 1990 ஓகஸ்டில் மக்ரே, சலாம், சன்ரானா ஆகியோரும், அதே ஆண்டு டிசெம்பரில் றிச்சட்சனும் வைஸும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். மரபணு மௌனமாகக் கூறியதைக் காட்டிலும் ஒளிநாடா உரத்துக் கூறியதே நடுவரின் செவிக்கு எட்டியது.

செவிக்கு எட்டுவதற்கு நகரமும் ஆயத்தமாக இருந்தது. அவ்வாண்டில் நியூ யோர்க்கில் ஏறத்தாழ 1,900 கொலைகள் நிகழ்ந்தன. அது மேயர் தேர்தல் ஆண்டுமாகும். சிறுவரின் பெயர்களை வெளியிடாதிருக்கும் பத்திரிகை மரபு கைவிடப்பட்டு, அவர்களது பெயரும் வயதும் முகவரியும் அச்சேறின. ‘வைல்டிங்’ என்னும் ஒரு சொல் பத்திரிகைகளிற் பரவி, விலங்குக்கூட்டம் வேட்டைக்குப் புறப்பட்டது என்ற படிமத்தை மக்கள் மனத்திற் பதித்தது. மே 1ஆம் திகதி, அக்காலத்தில் நிலச் சொத்து வணிகராயிருந்து பின்னர் நாட்டின் ஜனாதிபதியான டொனால்ட் ட்ரம்ப், மரண தண்டனையை மீண்டும் கொண்டுவருமாறு கோரும் முழுப்பக்க விளம்பரத்தை நான்கு பத்திரிகைகளில் வெளியிட்டார். அப்போது விசாரணையே தொடங்கியிருக்கவில்லை. எழுத்தாளர் ஜோன் டிடியன் 1991இல் எழுதிய நீண்ட கட்டுரையொன்று, இவ்வழக்கைக் கொண்டு நகரம் தன்னைப் பற்றித் தானே புனைந்துகொண்ட கதையை ஆராய்ந்தது. அன்றைய நிலையில் அத்தகைய குரல்கள் மிகச் சிலவே.

2002இல் உண்மை வெளிப்பட்டது. கொலைக்கும் வன்புணர்ச்சிகளுக்கும் தண்டிக்கப்பட்டு ஆயுட்காலம் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த மத்தியாஸ் றெயஸ் என்பவர், அக்குற்றத்தைத் தாம் தனியே செய்ததாக ஒப்புக்கொண்டார். மரபணு அவருடையதுடன் பொருந்தியது. வழக்குத்தொடுநர் அலுவலகத்தின் நான்சி றயன் வழக்கை மீள ஆராய்ந்து, தீர்ப்புகளைத் தள்ளுபடி செய்யுமாறு தமது அலுவலகமே நீதிமன்றைக் கோரும் நிலையை உருவாக்கினார். 2002 டிசெம்பர் 19இல் அவை தள்ளுபடி செய்யப்பட்டன. இவற்றுக்கிடையே ஒரு கொடிய உண்மை உண்டு. 1989 ஏப்ரலில் ஐவரும் சிறைப்பட்டபோது றெயஸ் வெளியே இருந்தார். ஓகஸ்டில் அவர் பிடிபடும்வரையுள்ள மாதங்களில் மேலும் பல பெண்களைத் தாக்கினார். அவர்களுள் கருவுற்றிருந்த ஒருவரைக் கொன்றார். தவறான வாக்குமூலத்தின் விலையைச் செலுத்தியோர் ஐவர் மட்டுமல்லர்.

நகர நிர்வாகம் ஐவருக்கும் ஏறத்தாழ 4 கோடியே 10 இலட்சம் டொலர் நட்டஈடாக வழங்க உடன்பட்டது 2014ஆம் ஆண்டிலேயாகும். அப்போதும் தவறெதனையும் அது ஏற்றுக்கொள்ளவில்லை. பொலிஸ் திணைக்களம் அமைத்த குழுவொன்று, விசாரணையில் முறைகேடு இல்லையென 2003இலேயே கூறியிருந்தது. 2012இல் கென் பேண்ஸ், சாரா பேண்ஸ், டேவிட் மக்மஹோன் ஆகிய மூவரும் இவ்வழக்கைப் பற்றி ஆவணப்படமொன்றை வெளியிட்டனர். நிதானமும் நேர்மையும் வாய்ந்த படைப்பு அது. நகர நிர்வாகம் அதன் வெளியிடப்படாத காட்சிகளை நீதிமன்றின் மூலம் பெற முயன்று தோற்றது என்பதிலிருந்தே அதன் கனம் விளங்கும். இருந்தும், தீர்ப்புத் தள்ளுபடியானதை அறியாதோரும் அறிந்தும் நம்பாதோரும் பெருந்தொகையினராகவே இருந்துவந்தனர்.

இந்நிலையிலேயே டுவேர்ணேயின் தொடர் வந்தது. முதல் மாதத்தில் இரண்டு கோடி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகளிலிருந்து அது பார்க்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. நீதிமன்று பதினேழு ஆண்டுகளுக்கு முன் எழுதியதை மக்கள் அப்போதுதான் படித்தனர் என்று சொல்லுமளவுக்கு அதன் தாக்கம் இருந்தது. அத்தாக்கம் விளம்பரத்தால் மட்டும் வந்ததன்று.

தொடரின் முதன்மையான வலிமை, ஒளிப்பதிவுக் கருவி இயங்காதிருந்த அந்த மணித்தியாலங்களை அது காட்சியாக்கியமையே. வரலாற்றாசிரியர் ‘பல மணி நேரம் விசாரிக்கப்பட்டனர்’ என்று ஒரு வரியிற் கடந்துசெல்வதை, முதற் பகுதி தூக்கமின்மை, பசி, பயம், முன்னுக்குப்பின் மாறும் கேள்விகள், இடையிடையே வரும் போலியான கனிவு என விரித்துக் காட்டுகின்றது. பார்வையாளர் அக்காட்சிகளைக் கடந்த பின்னர், செய்யாததைச் செய்தேன் என்று ஒருவன் ஏன் சொல்ல வேண்டும் என்னும் வினாவை மீண்டும் எழுப்புதல் அரிது. நடுவர் மன்றத்தில் இவ்வினாவே அச்சிறுவரை அழித்தது என்பதை நினைவிற்கொண்டால், இக்காட்சிகளின் வரலாற்றுப் பெறுமதி புலனாகும்.

அதிலும் பெற்றோரைப் பற்றிய பகுதிகள் நுட்பமானவை. அன்ரனின் தந்தை, பொலிஸார் கேட்பதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என நம்பித் தம் மகனையே வற்புறுத்துகின்றார். இது புனைவன்று, மகன் பல ஆண்டுகளின் பின் மனக்காயம் ஆறாமலே ஆவணப்படத்திற் கூறிய செய்தி. அத்தந்தையைத் தொடர் கோழையாகவும் காட்டவில்லை, துரோகியாகவும் காட்டவில்லை. அதிகாரத்தோடு மோதினால் என்ன நேரும் என்பதைத் தம் வாழ்விற் கற்றுக்கொண்ட ஒரு கறுப்பின மனிதரின் அச்சம் அங்கே தெரிகின்றது. சன்ரானாவின் பாட்டியார் ஆங்கிலம் அறியாதவராய்ப் பேரனுக்கருகில் அமர்ந்திருப்பதும் அவ்வாறே. பாதுகாவலர் உடனிருக்க வேண்டுமென்ற விதி எழுத்தளவில் நிறைவேறிற்று. அவர் அங்கே இருந்தார். அவருக்கு விளங்காத மொழியில் பேரனின் வாழ்வு எழுதப்பட்டது. சட்டநூலின் ஒரு விதி வாழ்வில் எவ்வாறு பொருளிழக்கும் என்பதைக் காட்ட இதனினும் சிறந்த காட்சி வேண்டியதில்லை.

நான்காம் பகுதி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முழுவதும் கோறி வைஸ் ஒருவரையே பின்தொடர்கின்றது. இளமைப் பருவத்தையும் வளர்ந்த பருவத்தையும் ஒரே நடிகர் நடிப்பது ஐவருள் இவர் பாத்திரத்தில் மட்டுமே. வயதுவந்தோர் சிறையில் அடைக்கப்பட்ட சிறுவனுக்கு நடுவே ஒரு பருவம் இல்லாமற்போனதை அத்தெரிவு சொல்லாமற் சொல்கின்றது. அப்பாத்திரத்தை ஏற்ற ஜரெல் ஜெரோம் 2019இல் எமி விருது பெற்றார். தனிச்சிறையில் அடைபட்ட மனம் காணும் மாயக்காட்சிகளை நீட்டியதில் ஓரளவு மிகை உண்டு. இசையும் இடையிடையே கண்ணீரை வலிந்து கேட்கின்றது. ஆயினும் தண்டனை என்பது தீர்ப்பு நாளில் முடிந்துவிடும் ஒரு சொல்லன்று, அது நாள்தோறும் அனுபவிக்கப்படும் காலம் என்பதை இப்பகுதி உணர்த்துகின்றது. விடுதலைக்குப் பின்னரும் பாலியற் குற்றவாளிப் பதிவேட்டிற் பெயரிருந்தமையால் தொழிலும் உறைவிடமும் தேடி அலைவதை மூன்றாம் பகுதி காட்டும். குற்ற நாடகங்கள் பெரும்பாலும் தீர்ப்புடன் திரையை இறக்கிவிடுவன. இத்தொடரின் ஏறத்தாழப் பாதி தீர்ப்புக்குப் பின்னரே நிகழ்கின்றது.

இவ்வளவு வலிமை வாய்ந்த தொடரின் குறைபாடு எங்குள்ளது? அதன் வலிமை பிறந்த இடத்திலேயே உள்ளது. பதிவற்ற அறைக்குள் நிகழ்ந்ததைக் காட்சியாக்குபவர் சொற்களைப் புனைந்தே தீரவேண்டும். ஐவருக்காகப் புனைந்த சொற்களுக்கு அவர்களது சொந்த நினைவுகள் அடிப்படையாக அமைந்தன. மறுதரப்புக்குப் புனைந்த சொற்களுக்கு அத்தகைய அடிப்படை எப்போதும் இருக்கவில்லை. மன்ஹற்றன் வழக்குத்தொடுநர் அலுவலகத்தின் பாலியற் குற்றப் பிரிவுக்கு அக்காலத்தில் தலைமை வகித்த லின்டா ஃபெயர்ஸ்ரைன் என்பவரே தொடரின் தீய பாத்திரமாவார். ஃபெலிசிற்றி ஹஃப்மன் நடித்த அப்பாத்திரம், ஹார்லத்துக் கறுப்பினச் சிறுவரைத் திரட்டிப் பிடிக்குமாறு ஏவுகின்றது. நேர ஒழுங்குகளைத் தன் கோட்பாட்டுக்கேற்ப வளைக்கின்றது. துப்பறிவாளரை வன்மையான விசாரணைக்குத் தூண்டுகின்றது. இத்தகைய சொற்கள் பலவற்றுக்கு எழுத்துச் சான்று இல்லை.

தொடர் வெளிவந்த சில நாட்களில் ஃபெயர்ஸ்ரைனின் துப்பறியும் நாவல்களை வெளியிட்டுவந்த நிறுவனம் அவரைக் கைவிட்டது. அவர் வகித்த பொதுப் பதவிகளிலிருந்தும் விலகினார். விசாரணைகளில் வழக்கை நடத்திய எலிசபெத் லெடெறரும் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் கற்பித்துவந்த பணியைத் துறந்தார். ஃபெயர்ஸ்ரைன் 2020 மார்ச்சில் நிறுவனத்துக்கும் டுவேர்ணேக்கும் திரைக்கதையில் ஒத்துழைத்த எழுத்தாளருக்கும் எதிராக மானநட்ட வழக்குத் தொடுத்தார். வழக்கை விசாரித்த கூட்டாட்சி நீதிபதி, ஐந்து காட்சிகளைப் பொறுத்தவரை விடயம் நடுவர் முன் செல்லத்தக்கதென 2023இல் தீர்மானித்தார். பிறர்க்குரிய செயல்களையும் பொறுப்புகளையும் கருத்துகளையும் ஃபெயர்ஸ்ரைனுக்கு ஏற்றும்வகையிற் கதையைப் பின்னோக்கி அமைத்தமைக்குச் சான்றிருப்பதாக அவர் சுட்டினார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற சொற்களைப் பின்னர் தேடுதல் என்பது, 1989இல் அப்பொலிஸ் நிலையங்களில் நடந்ததன் வருணனையாகவும் இருக்கக்கூடும்.

இவ்வொப்புமையை எல்லை மீறி இழுத்தலாகாது. ஒருபுறத்தில் சிறைக்கதவும் பதின்மூன்று ஆண்டுகளும். மறுபுறத்தில் நற்பெயர் இழப்பும் நூல் வெளியீட்டு இழப்பும். ஒருபுறத்தில் பதினான்கு வயதுச் சிறுவர். மறுபுறத்தில் நாளேட்டிற் கட்டுரையெழுதித் தம் பக்கத்தைக் கூறவும் வழக்காடவும் வல்ல ஒருவர். அவர் அவ்வாறு 2019 ஜூனில் எழுதிய கட்டுரையில் ஐவரும் முற்றாகக் குற்றமற்றவர் அல்லர் என்றே தொடர்ந்து வாதிட்டமை, அவருக்காக அனுதாபம் கொள்ள முனைவோரையும் தயங்கச் செய்யும். டுவேர்ணேயும் ஃபெயர்ஸ்ரைனின் பொறுப்புப் பற்றிய தமது கருத்தை இறுதிவரை மாற்றிக்கொள்ளவில்லை. எனினும் அளவு வேறுபடினும் முறை ஒன்றே. சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுதல் ஒரு தரப்புக்கு அநீதி என்று நான்கு பகுதிகளில் எடுத்துக்காட்டிய படைப்பு, மறுதரப்பிடம் அதனைக் கலைச் சுதந்திரம் என்று கொள்ளுமாயின், அதன் வாதத்தின் அடித்தளமே ஆட்டங்காணும்.

வழக்கு நடுவர் முன் செல்வதற்குச் சில நாட்களே இருக்க, 2024 ஜூன் 4இல் இணக்கம் எட்டப்பட்டது. ஃபெயர்ஸ்ரைனுக்குப் பணம் எதுவும் வழங்கப்படவில்லை. தவறாகத் தண்டிக்கப்பட்டோருக்காக இயங்கும் ‘இன்னொசென்ஸ் புறொஜெக்ற்’ அமைப்புக்கு நிறுவனம் பத்து இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டது. மற்றொரு நிபந்தனை சிறியது போலத் தோன்றினும் கருத்தாழமுடையது. சில பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் வசனங்களும் நாடகத் தேவைக்காகப் புனையப்பட்டவை என்ற அறிவித்தல், அதுவரை இறுதிப் பெயர்ப்பட்டியலிற் கிடந்தது. அது ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்துக்கும் மாற்றப்பட்டது. எமது நாட்டுக்கூத்திற் கட்டியகாரன் முன்னரே களரிக்கு வந்து, வரப்போகிறவர் யாரென அறிவித்துவிட்டுச் செல்வான். சபை அறிந்தே கூத்தைப் பார்க்கும். விடியற்காலையிற் கூத்து முடிந்து சனம் பாயைச் சுருட்டும் வேளையில் அவன் வந்து அறிவித்தால் அதனைக் கேட்பார் யார்?

ஒரு தீய பாத்திரத்தைத் தேர்ந்தமையால் விளைந்த வரலாற்று இழப்பு இதனினும் பெரிது. 1989இல் இச்சிறுவரைத் தண்டித்தது தனியொருவரன்று. பொய்யை அனுமதித்த சட்டம், வாக்குமூலங்களைச் சான்றாக ஏற்ற நீதிபதி, மரபணு முடிவை அறிந்தும் வழக்கைத் தொடர்ந்த அலுவலகம், முகவரிகளை அச்சிட்ட பத்திரிகைகள், வாக்கு வேட்டையாடிய அரசியல், இவையனைத்தும் ஒன்றன் பலத்தில் ஒன்று நின்றன. தொடரிற் பத்திரிகையும் அரசியலும் பெரும்பாலும் பின்னணியில் ஓடும் பழைய செய்திக் காட்சிகளாகவே வருகின்றன. பொலிஸ் விசாரணை முறை பற்றிக் கூட, நிறுவனமொன்று பெயர் சுட்டிக் கற்பித்துவந்த முறையை ஒரு பாத்திரம் ஒரு வசனத்தில் இகழ்வதோடு விடயம் முடிந்துவிடுகின்றது. அந்நிறுவனம் தொடுத்த வழக்கு 2020இல் தள்ளுபடியாயிற்று. தீயவர் ஒருவரை நீக்கிவிட்டால் தீமையும் நீங்கிவிடும் என்னும் ஆறுதலைப் பார்வையாளர் பெற்றுச் செல்கின்றார். ஃபெயர்ஸ்ரைனின் நாவல்கள் கடைகளிலிருந்து குறைந்தன. சந்தேகநபரிடம் பொய் கூறும் பொலிஸ் உரிமை அதனால் குறையவில்லை.

விடுபட்டவை பற்றியும் சில சொல்லுதல் வேண்டும். அவ்விரவிற் பூங்காவில் வேறு சிலரும் அடிபட்டனர் என்பதைத் தொடர் விரைந்து கடந்துவிடுகின்றது. அத்தாக்குதல்களை விரிவாகக் காட்டினால் ஐவர் மீதான இரக்கம் குன்றும் என அஞ்சியிருக்கலாம். அவ்வச்சம் தேவையற்றது. 2002இல் வழக்குத்தொடுநர் அலுவலகம் அத்தாக்குதல்கள் தொடர்பான தீர்ப்புகளையும் சேர்த்தே தள்ளுபடி செய்யக் கோரியது. நாடகம் அவ்வளவுக்குத் துணியவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணும் நீதிமன்றிற் சிறிது நேரமே தோன்றி மறைகின்றார். நினைவிழந்த நிலையிலிருந்து மீண்டு நடக்கப் பழகி, பின்னர் 2003இல் தம் பெயரைத் தாமே வெளியிட்டு நூல் எழுதிய ஒருவருக்கு அது போதிய இடமன்று.

இவையாவற்றினும் முக்கியமான விடுபாடு ஸ்டீவன் லோப்பெஸ் என்பவருடையதாகும். அன்றிரவு கைதான பதினைந்து வயதுச் சிறுவன் அவர். ஐவர் மீது சுமத்தப்பட்ட அதே குற்றச்சாட்டுகள் அவர் மீதும் சுமத்தப்பட்டிருந்தன. அவருக்கெதிராகப் பயன்பட்டவை மற்றையோரின் வாக்குமூலங்களே. பூங்காவில் ஓர் ஆணைத் தாக்கிக் கொள்ளையிட்டதாக 1991இல் அவர் குற்றத்தை ஏற்று, மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தார். 2002இல் தீர்ப்புகள் தள்ளுபடியானபோது அவரது பெயர் அங்கே இல்லை. 2014ஆம் ஆண்டு நட்டஈட்டில் அவருக்குப் பங்கில்லை. ஆவணப்படத்தின் பெயரும் ‘ஐவர்’ என்றே இருந்தது. 2019இல் தொடர் ஐவருக்கும் அவரவர் பெயரை மீட்டுக்கொடுத்தபோதும் அறுவர் என்று எவரும் எண்ணவில்லை. அவரது வழக்கு கதையின் மையத்துக்கு வரவேயில்லை. நல்ல நாடகமே ஆயினும் கதைக்கு வசதியான எண்ணிக்கையொன்றில் நின்றுவிடுகின்றது.

லோப்பெஸ் மீதான தீர்ப்பு 2022 ஜூலை 25ஆம் திகதி, மன்ஹற்றன் வழக்குத்தொடுநர் அலுவலகத்தின் உடன்பாட்டுடன் தள்ளுபடி செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில், அச்சிறுவர் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் நுழைந்த வடக்குப் பக்கத்தில், 110ஆம் தெருவிலுள்ள பூங்கா வாயிலொன்றுக்குக் ‘குற்றமற்றோர் என விடுவிக்கப்பட்டோர் வாயில்’ எனப் பொருள்படும் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது. அப்பெயரில் எண் எதுவும் இல்லை.